மேப்பிள் சாற்றுக் குழாயைக் கம்பியில் கட்டுவது: தொய்வும் வாட்டமும்

சர்க்கரை மேப்பிள் மரத்தின் சாறு பார்வைக்குத் தண்ணீர்தான். அதில் இனிப்பு சுமார் 2 சதவீதம். நம் பதநீரில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதனால் சாற்றைக் காய்ச்சி ஒரு லிட்டர் சிரப் எடுக்க ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க், கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் பகுதிகளில் ஒரு நடுத்தரத் தோட்டத்திலேயே சாறு எடுக்க மரங்களில் போட்ட துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். வாளி தூக்கி இவ்வளவு சாறு சேர்க்க ஆள் கிடைக்காது. 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் குழாய் வந்தது இதற்காகத்தான்.

சாறு ஓடுவது இரவில் உறைபனியும் பகலில் உருகலும் மாறி மாறி வரும் நாட்களில். பிப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் வரை, ஆறேழு வாரம். பகலில் ஓடிய சாறு மாலைக்குள் குழாயிலிருந்து வடிந்துவிட வேண்டும். வடியாமல் எங்காவது ஒரு கைப்பிடி தங்கினாலும் இரவில் உறையும். மறுநாள் காலை மரம் சாறு விடத் தயாராக இருக்கும்போது குழாய் அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்துக்கு மேலே இருக்கிற அத்தனை துளைகளும் பனிக்கட்டி கரையும்வரை காத்திருக்கும். நல்ல ஓட்ட நாளில் இரண்டு மணி நேரம் போவது சின்ன நஷ்டமில்லை.

குழாயைக் கம்பியில் கட்டும் வேலையின் நோக்கம் இதுதான்: சாறு தங்க ஓர் இடம்கூட இருக்கக் கூடாது. சுமையும் வாட்டமும் (சாறு வடிவதற்கான சரிவு) கம்பியின் பொறுப்பு. குழாய் அதில் ஏறிப் பயணம் செய்கிறது, அவ்வளவுதான். குழாயையே இழுத்து மரத்தில் கட்டி நிறுத்த நினைத்தால் முதல் குளிரிலேயே வேலை குலையும்.

இங்கே சொல்வது முதன்மைக் குழாயைப் பற்றி. மரத்திலிருந்து வரும் மெல்லிய கிளைக் குழாய்கள், 5/16 இஞ்சு அளவில், வந்து சேரும் பெரிய குழாய் இது. தோட்டத்தில் மெயின்லைன் என்பார்கள். கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் கொலெக்தர் என்பார்கள். அளவு முக்கால் இஞ்சு முதல் ஒன்றரை இஞ்சு வரை. சில நூறு துளைகளுக்குள் இருக்கும் ஒரு தொடக்கத் தோட்டத்துக்கு முக்கால் அல்லது ஒரு இஞ்சு பாலிஎத்திலீன் குழாய் போதும். உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என்னென்ன வேண்டும்

தாங்கு கம்பிக்கு 12½ கேஜ் உயர் இழுவிசைக் கம்பி, துத்தநாகப் பூச்சுப் போட்டது. வேலி போடும் கடைகளில் 4,000 அடிச் சுருளாகக் கிடைக்கும். எடை 45 கிலோவுக்கு மேல். கனம் சுமார் 2½ மில்லிமீட்டர்தான். மெல்லிசாக இருக்கிறதே என்று சாதாரண ஜி.ஐ. கம்பியைக் கனமாக எடுத்துப் போடாதீர்கள். அது மென்மையானது, ஒரு கிளை விழுந்தால் நீண்டுவிடும், திரும்பாது. உயர் இழுவிசைக் கம்பி வில் மாதிரி: மரம் விழுந்து அமுக்கினாலும், மரத்தை எடுத்ததும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும்.

கம்பியை முறுக்கிப் பிடிக்க ஒவ்வோர் ஓட்டத்துக்கும், அதாவது மேல்முனையிலிருந்து தாழ்முனைவரை போகும் ஒவ்வொரு கம்பி வரிசைக்கும், ஒரு ராட்செட் முறுக்கி. கம்பியின் முனையைக் கண்ணியாக மடித்து நிறுத்த அழுத்துச் சிலீவுகளும், அவற்றை அழுத்தும் நீளக் கைப்பிடிக் கருவியும். மரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் வைக்க மரச் சட்டங்கள். ஒரு கை வின்ச், குழாயைக் கவ்வும் பிடி ஒன்று. ஹோஸ் கிளாம்ப், எல்லாம் துருப்பிடிக்காத எஃகில். நல்ல கட்டிங் பிளேயர். கண்ணாடி, கையுறை.

பிறகு கட்டுக்கம்பி. நம் ஊரில் கான்கிரீட் கம்பி கட்டுகிறவர்கள் பயன்படுத்துவதன் உறவுதான்; இங்கே இரு முனையிலும் வளையம் போட்ட துண்டுகளாக, மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பூச்சில்லாத கறுப்புக் கட்டுக்கம்பி வேண்டாம், சில வருடங்களில் துருவேறி உதிரும். துத்தநாகப் பூச்சு அல்லது துருப்பிடிக்காத எஃகு எடுங்கள். முக்கால் இஞ்சுக் குழாய்க்கு 6 இஞ்சு நீளக் கட்டு போதும். ஒன்றேகால் இஞ்சுக்கு 8 இஞ்சு. எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள்தான் அதிகம்: ஒரு அடிக்கு ஒன்று என்றால் 500 அடி ஓட்டத்துக்கு 500 கட்டு. முறுக்குவதற்கு, இழுத்தால் தானே சுழலும் கொக்கி. வெறும் பிளேயரால் 500 கட்டு முறுக்கினால் மணிக்கட்டு இரண்டாம் நாள் எழாது.

பிளாஸ்டிக் கேபிள் டை போட்டால் வேகமாக முடியும். வெயிலில் இற்றுப்போய், குளிரில் பட்டென்று உடையும். அவசரத்துக்கு ஒரு வாரம் நிற்கட்டும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

முதலில் வாட்டம்

குழாய் வாங்குவதற்கு முன்பே வாட்டம் பிடித்தாக வேண்டும். குறைந்தது 2 சதவீதம், அதாவது 100 அடிக்கு 2 அடி இறக்கம். அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் நல்லது. சீராக இருப்பது அதைவிட முக்கியம். நடுவில் ஒரு 30 அடி சமதளமாகப் போனால், மற்ற இடத்தில் 5 சதவீதம் இருந்தும் பயனில்லை.

தாழ்ந்த முனையிலிருந்து தொடங்குங்கள்: தொட்டி அல்லது சாறு இறங்கும் இடம். அங்கே குழாய் எவ்வளவு உயரத்தில் வந்து சேர வேண்டும் என்பதை முடிவு செய்து, கைமட்டக் கருவி கொண்டு மேல்நோக்கிப் பார்த்துப் போங்கள். ஒருவர் கீழே நிற்பார், இன்னொருவர் அடுத்த மரத்தில் நாடா கட்டுவார். கண் மட்டத்தை நம்ப வேண்டாம். மலைச் சரிவில் நிற்கும்போது கண் எப்போதும் ஏமாற்றும். இறக்கம் என்று தோன்றுவது பல சமயம் ஏற்றமாக இருக்கும்.

நாடா உயரம் மார்பளவுக்கு அருகில் இருந்தால் கட்டவும் பழுதுபார்க்கவும் வசதி. பனி அதிகம் விழும் இடத்தில் அந்த வருடக் குவியலுக்கு மேலே குழாய் நிற்க வேண்டும். பனிக்குள் புதைந்த குழாயில் சாறு உறைந்தே கிடக்கும், வெளியே வெயில் அடித்தாலும்.

பாதை நேராக இருந்தால் நல்லது, வளைந்தாக வேண்டும் என்றால் ஒரே மரத்தில் சட்டென்று திருப்பாமல் மூன்று நான்கு மரங்களில் பிரித்து வளையுங்கள். வளைவின் உள்பக்கத்தில் மரம் இருக்கட்டும். கம்பி அதன்மேல் சாயும், தானாக நிற்கும். பல இடங்களில் கம்பியை ஒரு மரத்துக்கு இடப்பக்கமும் அடுத்ததற்கு வலப்பக்கமுமாகப் பின்னிக்கொண்டே போனால் பக்கவாட்டில் ஆடாது.

கம்பியை ஏற்றுவது

இந்தக் கம்பிச் சுருள் அழுத்தி வைத்த ஸ்பிரிங். சுருளின் கட்டு வெட்டுப்பட்டதும் சீறிக்கொண்டு விரியும். சுழல் தாங்கியில் வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு வெட்டுங்கள். கம்பியை எங்கு வெட்டினாலும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். பிளேயரால் கம்பியில் கீறல் விழக் கூடாது, கூர்மையான மடிப்பும் கூடாது. உயர் இழுவிசை எஃகு வடுப் பட்ட இடத்தில்தான் உடையும். மடிந்த துண்டை நேராக்கிப் பயன்படுத்தாமல் வெட்டி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துவிடுங்கள்.

கடைசித் துளை மரத்தையும் தாண்டி, நல்ல பருமனான மரம் ஒன்றை மேல்முனைப் பிடிமானமாகத் தேர்ந்தெடுங்கள். மரத்தைச் சுற்றிச் சட்டங்களைச் செங்குத்தாக, பட்டையை ஒட்டி நிறுத்தி, அவற்றின் மேல் கம்பி போகும்படி கண்ணி போடுங்கள். கம்பி எந்த இடத்திலும் பட்டையைத் தொடக் கூடாது. மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் அமிழ்ந்து, இலையிலிருந்து வேருக்குச் சத்து இறங்கும் வழியை அறுத்துவிடும். மரத்தைச் சுற்றிவந்த கம்பி கடைசியில் அந்த மரத்தையே கொல்லும். ரப்பர் குழாய்த் துண்டை உறை போலப் போடுகிறவர்களும் உண்டு. உறை கம்பியைப் பட்டையிலிருந்து பிரிக்கும், சுற்றிலும் அழுத்தும் அழுத்தத்தைக் குறைக்காது. முனை மரத்துக்குச் சட்டமே சரி.

கண்ணியை இரண்டு சிலீவு போட்டு அழுத்துங்கள். நடு ஓட்டத்தில் இரண்டு கம்பிகளை இணைக்கும் இடத்தில் மூன்று. சிலீவும் அழுத்துக் கருவியும் 12½ கேஜுக்கு உரியவையாக இருக்க வேண்டும். அளவு மாறினால் வழுக்கும்.

பிறகு கம்பியை நாடா கட்டிய பாதையில் தாழ்முனைவரை இழுத்துச் சென்று, கை இழுப்பில் தளர்வை எடுத்து, அங்கும் ஒரு பருமனான மரத்திலோ ஊன்றிய கம்பத்திலோ நிறுத்துங்கள். கம்பம் என்றால் இழுப்பில் சாயாமல் நிற்க முட்டு வேண்டும். தொட்டியோ, வாக்குவம் கருவியோ (குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப்), கொட்டகைச் சுவரோ இந்த இழுப்பைத் தாங்கும்படி விடக் கூடாது. அவற்றுக்கு முன்பே கம்பி முடிந்துவிட வேண்டும்.

ராட்செட்டைக் கை எட்டும் இடத்தில், தாழ்முனையை ஒட்டிப் பொருத்தினால் வருடாவருடம் முறுக்க எளிது. எவ்வளவு முறுக்குவது? வேலிக்காரர்கள் வைக்கும் இழுப்பே இங்கும் பொருந்தும்: சுமார் 100 கிலோ. முக்கால் இஞ்சுக் குழாய் முழுக்கச் சாறு நிறைந்திருந்தால் 100 அடிக்கு ஏறக்குறைய 9 லிட்டர். குழாயின் எடையும் கம்பியின் எடையும் சேர்ந்தால் மீட்டருக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 100 கிலோ இழுப்பில், 25 அடி இடைவெளியில் கம்பி நடுவே சுமார் 3½ சென்டிமீட்டர் தொங்கும். 2 சதவீத வாட்டத்தில் அந்த இடைவெளிக்கு 3.8 சென்டிமீட்டர்வரை தாங்கும்; அதைத் தாண்டினால் தாழ்ந்த பக்கம் குழாய் எதிர்த்திசையில் ஏறத் தொடங்கும், அங்கே சாறு குட்டையாக நிற்கும். பிடிமானம் 50 அடிக்கு ஒன்று என்று விட்டால் தொய்வு நான்கு மடங்கு, 14 சென்டிமீட்டர். தாங்கக்கூடியதோ 7½ தான். எனவே 15 முதல் 25 அடிக்குள் ஒரு பிடிமானம் என்பதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். குழாய் பெரிதானால் இன்னும் நெருக்கமாக.

பக்கக் கட்டுகள்

நடுவில் கிடைக்கும் பிடிமானங்கள் இரண்டு வகை. ஒன்று, கம்பி சாய்ந்து போகும் மரங்கள். மற்றது பக்கக் கட்டு: தாங்கு கம்பியில் ஒரு கொக்கி மாட்டி, அதிலிருந்து தனிக் கம்பி ஒன்றை அருகில் இருக்கும் மரத்துக்கு இழுத்துக் கட்டுவது. தாழ்ந்து நிற்கும் இடத்தை மேலே தூக்க மரத்தில் உயரமாகக் கட்டுங்கள். மேடாக நிற்கும் இடத்தைக் கீழே இழுக்க மரத்தின் அடிப்பகுதியில் கட்டுங்கள். அடுத்தடுத்த கட்டுகளை இடமும் வலமுமாக மாற்றிப் போட்டால் கம்பி சமநிலையில் நிற்கும். இந்த மரங்களுக்கும் சட்டம் உண்டு. மரமே இல்லாத வெளியில் கம்பம் ஊன்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பக்கக் கட்டு எல்லாம் போட்டு முடித்தபின் மறுபடி மட்டம் பாருங்கள், அடிமுதல் நுனிவரை. இதில் செலவாகும் அரைநாளை வீண் என்று நினைக்க வேண்டாம். குழாயைக் கட்டிய பிறகு வாட்டம் தவறு என்று தெரிந்தால் கட்டுகளை எல்லாம் வெட்டியெறிய நேரும்.

கம்பியை மரத்தோடு யு வடிவ ஆணி அடித்து நிறுத்துவது சிலருக்குப் பழக்கம். ஆணி மரத்துக்குள் போய்விடும், கம்பியும் கூடவே போகும், பிறகு இரண்டும் வெளியே வராது. அந்த மரத்தை ஒரு நாள் அறுக்கிறவரின் வாளுக்கும் ஆபத்து.

குழாயை விரிப்பது

குழாய்ச் சுருளை உருட்டி விரியுங்கள். பக்கவாட்டில் நூல்கண்டிலிருந்து உருவுவது போல இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். பின்னால் கம்பியில் கட்டும்போது குழாய் பாம்பு போலப் புரளும். விரித்தபின் வெயிலில் சில மணி நேரம் கிடக்க விட்டால் சுருளின் வளைவு தளரும். இரு முனைகளையும் அடைத்து வையுங்கள், இலைத் தூசும் எலியும் போகாமல்.

எந்த நாளில் கட்டுவது என்பது பலர் கவனிக்காத சங்கதி. பாலிஎத்திலீன் குழாய் 100 மீட்டருக்கு, 10 டிகிரி செல்சியஸ் மாற்றத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். எஃகுக் கம்பியோ அதே மாற்றத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம். ஆகஸ்ட் வெயிலில் 30 டிகிரியில் விறைப்பாக இழுத்துக் கட்டினால், ஜனவரியில் மைனஸ் 20இல் அந்தக் குழாய் முக்கால் மீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும், இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். உறைகுளிரில் இழுக்காமல் கட்டினால் மார்ச் வெயிலில் நீண்டு, ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் தொங்கும். கறுப்புக் குழாய் இன்னும் சூடேறும்; அதற்கு இன்னும் அதிகத் தொங்கல்.

சாறு ஓடும் நாட்களில் வெப்பம் பெரும்பாலும் 0 முதல் 12 டிகிரிக்குள். ஆகவே அக்டோபர், நவம்பரில், மேகமூட்டமான, குளிரத் தொடங்கிய ஒரு நாளில் கட்டுவதே நல்லது. இலை உதிர்ந்திருப்பதால் பாதையும் தெளிவாகத் தெரியும், விரலும் விறைக்காது.

கட்டுவது

குழாயின் மேல்முனையை அடைப்பான் போட்டு மூடி, தாங்கு கம்பியின் முனைப் பிடிமானத்திலேயே உறுதியாக நிறுத்துங்கள். பிறகு குழாயைத் தாங்கு கம்பிக்குக் கீழே வைத்து, 20 அடிக்கு ஒன்றாகத் தளர்வான கட்டு போட்டு ஓட்டம் முழுக்கத் தொங்க விடுங்கள். தளர்வு முக்கியம், அடுத்த படியில் குழாய் அதற்குள் நழுவ வேண்டும்.

இப்போது தாழ்முனையில் குழாய்ப் பிடியை மாட்டி, கை வின்ச்சால் இழுங்கள். வின்ச்சைத் தாங்கு கம்பியில் கொக்கி போட்டு இழுக்காமல் தனி மரத்தில் கட்டி இழுங்கள். இல்லாவிட்டால் கம்பி தளர்ந்து, பார்க்கும் வாட்டமே பொய்யாகும். குழாயின் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் அலை தெரியும். அந்த அலை மறையும்வரை இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் குழாய் மெலியும், வேறு பயனில்லை. ஓட்டத்தின் நடுவில் போய் ஒரு முறை தட்டிப் பாருங்கள். தளர்வான கட்டுகளில் சிக்கியிருந்தால் விடுபடும்.

வின்ச் இழுத்தபடியே இருக்க, மேல்முனையிலிருந்து கீழ்நோக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் குழாயைக் கம்பியோடு சேர்த்து மேலே அழுத்திப் பிடிக்க, மற்றவர் கட்ட. கட்டுக்கம்பியைக் குழாயையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றி, இரு வளையங்களையும் ஒன்றாக்கி, கொக்கியை நுழைத்து இழுங்கள். இரண்டு மூன்று சுற்றில் இறுகிவிடும். முறுக்கிய முனையைக் கம்பியின் பக்கமாக மடக்குங்கள். குழாயைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் காற்றில் ஆடி ஆடி அங்கே துளை விழும், கையையும் கிழிக்கும்.

எவ்வளவு இறுக்கம்? குழாயைப் பிடித்துக் கம்பியோடு நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள். நன்றாக அழுத்தினால்தான் நகர வேண்டும். கட்டுக்கு அடியில் குழாய் பள்ளமாகக் கூடாது. தளர்வான கட்டு எதற்கும் உதவாது: சரிவில் குழாய் ஒவ்வொரு வெப்ப மாற்றத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கி, ஓரிடத்தில் குவிந்து தொங்கும். மிக இறுக்கினால் உள்விட்டம் குறுகும், குழாயில் வடு விழும், உறைபனியில் அந்த வடுதான் முதலில் விரியும். ஒரு பத்துக் கட்டு போட்டதும் கைக்கு அளவு வந்துவிடும்.

இடைவெளி ஒரு அடி. ஒன்றரை அடிக்கு மேல் போகவே போகாதீர்கள். இதில் கட்டுக்கம்பிச் செலவு மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: தன் எடையால் குழாய் இரு கட்டுகளுக்கு நடுவில் தொய்வது இடைவெளியின் நான்காம் படியில் ஏறும். இடைவெளியை இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. 2 சதவீத வாட்டத்தில், ஒரு அடி இடைவெளிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தொய்வு வந்தாலே சாறு தங்கத் தொடங்கும். மூன்று அடி என்றால் நாலரை மில்லிமீட்டர். அனுமதி மூன்று மடங்குதான் கூடுகிறது, தொய்வோ 81 மடங்கு. அடிக்கு ஒரு கட்டு என்பது இதிலிருந்து வந்த வழக்கம்.

மரத்தை ஒட்டிக் கம்பி போகும் இடத்தில் குழாய் கம்பிக்கு வெளிப்பக்கம் வர வேண்டும். மரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிய குழாய் மரம் பருக்கப் பருக்கத் தட்டையாகும். அங்கே மரத்துக்கு இரு பக்கமும் அரை அடிக்குள் ஒரு கட்டு போட்டுக் குழாயை விலக்கி நிறுத்துங்கள். பக்கக் கட்டின் கொக்கி மாட்டும் இடத்திலும் அப்படியே. கொக்கி கம்பியைத்தான் பிடிக்க வேண்டும், குழாயை அமுக்கக் கூடாது.

கட்டி முடித்ததும் வின்ச்சை மெதுவாகத் தளர்த்துங்கள். தாழ்முனையில் குழாய் ஓரிரு இஞ்சு பின்வாங்குவது இயல்பு. ஒரு அடிக்கு மேல் உள்ளே போனால் கட்டுகள் தளர்வு என்று அர்த்தம். எந்தப் பகுதியில் நகர்ந்தது என்று பார்த்து அங்கே மறுபடி இறுக்குங்கள்.

இணைப்புகள் வரும் இடம்

இரண்டு சுருள் சேரும் இடத்தில் முள்ளு வைத்த இணைப்பான் போட்டு, இரு பக்கமும் ஹோஸ் கிளாம்ப் இறுக்குவோம். குளிரில் குழாய் சுருங்கும்போது இழுப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் இறங்கும். இணைப்பானுக்கு இரு பக்கமும் மூன்று நான்கு இஞ்சுக்குள் இரட்டைக் கட்டு போடுங்கள், வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக இறுக்கி. அந்தக் கட்டும் தாங்கு கம்பியும் இழுப்பை ஏற்றுக்கொள்ளும், இணைப்பான் சாறு கடத்தும் வேலையை மட்டும் பார்க்கும். முள்ளு உள்ளே போக மறுத்தால் குழாய் முனையை வெந்நீரில் முக்குங்கள். தீ காட்டினால் ஒரு பக்கம் உருகி மெலியும், வாக்குவம் அங்கேதான் கசியும்.

கிளைக் குழாய் வந்து சேரும் சேடிலை (முதன்மைக் குழாயின் மேல் கவ்வி உட்காரும் இணைப்பு) பொருத்தும்போது குழாயின் மேல்பாதியில் துளையிடுங்கள். துளைக்கும் பிட்டில் தடுப்பு இருக்க வேண்டும், எதிர்ச்சுவரைத் தொடாதபடி. சீவலை வெளியே எடுங்கள். சேடிலுக்கு இரு பக்கமும் கட்டு உண்டு. கிளைக் குழாயை முதலில் தாங்கு கம்பியில் கொக்கி போட்டு இழுத்து நிறுத்தி, அங்கிருந்து ஒரு சிறிய தளர்வான துண்டு சேடிலுக்குள் இறங்கும்படி செய்யுங்கள். நேரடியாகச் சேடிலில் இழுத்துக் கட்டினால் முதன்மைக் குழாய் பக்கவாட்டில் திருகிக்கொள்ளும், சேடிலின் ரப்பர் வாய் திறக்கும். வாக்குவம் 25 இஞ்சு பாதரச அளவில் ஓடும் தோட்டத்தில் இப்படித் திறந்த ஒரு வாய் அந்த ஓட்டம் முழுவதையும் கீழே இழுக்கும். ஒரு கிளைக் குழாயில் ஐந்து துளை நல்லது, பத்துக்கு மேல் வேண்டாம்.

சாற்றுக்கு ஈரக் குழாய், வாக்குவத்துக்குக் காற்றுக் குழாய் என்று இரட்டைக் குழாய் போடுகிற தோட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி.

சரிபார்ப்பது

மேல்முனை அடைப்பானைத் திறந்து 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி, தாழ்முனையில் பிடித்து அளந்து பாருங்கள். சுவர் நனைந்து தங்குவது கொஞ்சம் போகும். இரண்டு மூன்று லிட்டர் வரவில்லை என்றால் எங்கோ குட்டை நிற்கிறது. நீல நிற, ஒளி ஊடுருவும் குழாயில் நடந்து பார்த்தாலே தெரியும். கறுப்புக் குழாயில் விரலால் சுண்டிப் பார்த்து, ஒலி மாறும் இடத்தைத் தேடலாம். சாறு ஓடத் தொடங்கியபின் இன்னும் எளிய வழி உண்டு: உறைந்த இரவுக்குப் பிறகு காலை வெயில் ஏறும்போது ஓட்டத்தோடு நடங்கள். எல்லா இடமும் உருகியபின்னும் எங்கே பனிக்கட்டி மிஞ்சுகிறதோ அங்கே தொய்வு. நாடா கட்டி வைத்து, சாயங்காலம் வந்து சரிசெய்யுங்கள்.

தொய்வு இரு கட்டுகளுக்கு நடுவில் மட்டும் என்றால் நடுவில் இன்னொரு கட்டு போதும். 20 அடி நீளத்துக்குக் கம்பியே தாழ்ந்திருந்தால் பக்கக் கட்டை உயர்த்த வேண்டும். ஓட்டம் முழுதும் தளர்ந்திருந்தால் ராட்செட்டில் இரண்டு பல். எது என்று பார்க்காமல் முதலில் ராட்செட்டை முறுக்குவது தவறு. கம்பியை இழுத்தால் வளைவுகளில் அது மேலும் கீழும் நகர்ந்து, நன்றாக இருந்த இடத்தின் வாட்டமும் மாறும்.

மரம் விழுந்தால், அணில் கடித்தால்

1998 ஜனவரி பனிப்புயலில் கியூபெக், ஒண்டாரியோவின் கிழக்குப் பகுதி, நியூயார்க்கின் வடபகுதி, நியூ இங்கிலாந்தின் வடபகுதி எனப் பல இடங்களில் மேப்பிள் தோட்டங்கள் முறிந்து சாய்ந்தன. அவ்வளவு பெரிதாக வராவிட்டாலும் ஒவ்வொரு குளிர்காலமும் ஓட்டத்தின் மேல் சில கிளைகளாவது விழும். கம்பிமேல் மரம் கிடக்கும்போது கம்பியில் தேங்கி நிற்கும் விசை ஆளை அடித்துப் போடக்கூடியது. முதலில் ராட்செட்டைத் தளர்த்துங்கள். கம்பியின் நேர்கோட்டில் நிற்காமல், மரம் எந்தப் பக்கம் எகிறும் என்று பார்த்து, எதிர்ப்பக்கம் நின்று சிறு துண்டுகளாக அறுங்கள். இயந்திர வாள் கம்பியைத் தொடக் கூடாது. கம்பி அறுந்திருந்தால் இரு முனைக்கும் சிலீவு போட்டுச் சேர்த்து, முறுக்கி, அதன்பிறகே குழாயைத் தொடுங்கள். மூஸ் மான் குழாயோடு மோதி இழுத்துக்கொண்டு போன இடத்திலும் இதே வரிசைதான்: கம்பி, பக்கக் கட்டு, மட்டம், கடைசியில் குழாய்.

அணில் கடித்த இடத்தில் டேப் சுற்றினால் வாக்குவத்தில் நிற்காது. கடித்த துண்டை வெட்டி எடுத்து இணைப்பான் போடுங்கள். வெட்டுமுன் இரு பக்கமும் இரட்டைக் கட்டு போட மறந்தால், வெட்டிய கணமே குழாய் இரு திசையிலும் பின்வாங்கி, இணைப்பான் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். குளிர் நாளில் இது நிச்சயம் நடக்கும். போய்விட்டால் குழாயை இழுத்து வதைக்காமல் நடுவில் ஒரு சிறு துண்டும் இரண்டு இணைப்பானும் போட்டுவிடுங்கள்.

பருவம் முடிந்து குழாயைக் கழுவி வடித்தபின், கோடையில் ஒரு முறை ஓட்டம் முழுக்க நடக்க வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது மரங்களை. சட்டம் நகர்ந்து கம்பி பட்டையில் பட்டிருக்கிறதா, பட்டை சட்டத்தைச் சுற்றி உதடு போல மடியத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தொடங்கியிருந்தால் கம்பியைத் தளர்த்தி, சட்டங்களை ஒரு கையகலம் மேலேயோ கீழேயோ புதிய பட்டைக்கு மாற்றி வையுங்கள். மாற்றியதும் அந்த இடத்தில் வாட்டத்தை மறுபடி பாருங்கள், ஒரு கையகலம் என்பது 2 சதவீதத்தில் 15 அடி ஓட்டத்தின் இறக்கத்தில் பெரும்பங்கு.